கியர்பாக்ஸை நானே வீட்ல பிரிச்சேன்: 22,500 ரூபாய் மிச்சம்னு போட்ட கணக்கு என்ன ஆச்சு?



பழைய காரை வெச்சுக்கலாமா, வித்துடலாமான்னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுல போற போக்குல ஒரு வரி சொன்னேன்: "என் கார் கியர்பாக்ஸை நானே வீட்ல பிரிச்சு மாட்டினேன்." அதுக்கப்புறம் வந்த கேள்வியெல்லாம் அந்த ஒரு வரியைப் பத்தித்தான். "எவ்வளவு சார் மிச்சமாச்சு?", "நாங்களும் பண்ணலாமா?" வீடியோல ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல. அதனால இங்க எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இருக்கிற ஒரே காரோட கியர்பாக்ஸை வீட்ல பிரிக்கிறது சேமிப்பு கிடையாது. அது ஒரு பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்கு செலவு பண்றது தப்பே இல்ல, ஆனா அதை சேமிப்புங்கிற தலைப்புல எழுதக் கூடாது. நிஜமான சேமிப்பு ஸ்பேனரை கையில எடுக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. எப்படின்னு என் கணக்கை வெச்சே சொல்றேன்.

நடந்தது இதுதான்

என்னோடது 2013 மாடல் ஹேட்ச்பேக். பெட்ரோல், 5 கியர், 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 2-லிருந்து 3-க்கு மாத்தும்போது கரகரன்னு சத்தம். முதல்ல எப்பவாவது வந்தது, அப்புறம் தினமும் வர ஆரம்பிச்சது. ஒரு கராஜ்ல காட்டினேன். "கியர்பாக்ஸ் இறக்கணும் சார். ஓவர்ஹால், கிளட்ச் செட் எல்லாம் சேர்த்து 41,500 ஆகும்"னு எஸ்டிமேட் கொடுத்தாங்க. ஜிஎஸ்டி சேர்த்த தொகை. அதுல கூலி 15,300, பாகங்களும் ஆயிலும் 26,200.

இங்க ஒரு உண்மையைச் சொல்லணும். எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நான் எத்தனை வீடியோ போட்டிருக்கேன்னு உங்களுக்கே தெரியும். ஆனா பழைய காருக்குன்னு நான் தனியா ஒரு ரூபாய்கூட எடுத்து வெக்கல. வேலையை விட்டுட்டு சொந்த பிராக்டீஸ் ஆரம்பிச்ச புதுசு வேற. 41,500ங்கிற எண்ணைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. ராத்திரி எக்செல் திறந்து உட்கார்ந்தேன். பாகங்களை நானே ஜி.பி. ரோட்டுல வாங்கினா 19,000. கூலி பூஜ்யம். மிச்சம் 22,500.

இந்த எக்செல்தான் என்னை ஏமாத்துச்சு. அதுல இருந்த எண்கள் எல்லாம் கிட்டத்தட்ட சரிதான். இல்லாத வரிகள்தான் பிரச்னை.

எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஆயில் சிந்தினா அசோசியேஷன் சும்மா விடாது. அதனால தாம்பரத்துல அப்பா வீட்டு போர்டிகோவுக்கு காரைக் கொண்டு போனேன். ஆரம்பிச்சது ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை. செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட் கெடு. அந்த நேரத்துல எந்த சி.ஏ.வும் செய்யக் கூடாத காரியம் இது. ரெண்டு வாரக் கடைசியில முடிஞ்சிடும்னு நம்பினேன். ஏழு வாரம் ஆச்சு.

உள்ள என்ன இருக்கு?

சுருக்கமா சொல்றேன், ஏன்னா பணத்துக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு.

மேனுவல் கியர்பாக்ஸ்ல முன்னாடி போற கியர் பல்சக்கரங்கள் எல்லாம் எப்பவும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டேதான் சுத்தும். நாம லீவரைத் தள்ளும்போது நகர்றது பல்சக்கரம் இல்ல, ஸ்லீவ்னு ஒரு வளையம். அது நகர்ந்து, நாம கேட்ட கியரை ஷாஃப்ட்டோட பூட்டும். ஆனா ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்திட்டு இருக்கும்போது பூட்ட முடியாது. ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வர்றதுக்கு நடுவுல ஒரு பித்தளை வளையம் இருக்கு. அதுதான் சின்க்ரோ ரிங். குட்டி பிரேக் மாதிரி உரசி வேகத்தைச் சமன் பண்ணும். அது தேய்ஞ்சா சமன் ஆகுறதுக்கு முன்னாடியே ஸ்லீவ் போய் மோதும். நாம கேக்கிற கரகர சத்தம் அதுதான்.

என் கார்ல தேய்ஞ்சிருந்தது 3-வது கியர் சின்க்ரோ ரிங். மொத்த வேலையில ரொம்பச் சின்ன பாகம் அது. ஆனா அந்தச் சின்ன பாகத்தைத் தொடணும்னா ரெண்டு பக்க ஆக்ஸிலையும் உருவணும், இன்ஜினுக்கு முட்டுக் கொடுக்கணும், 30 கிலோவுக்கு மேல இருக்கிற கியர்பாக்ஸை இறக்கணும், கேஸைப் பிரிக்கணும், லாக் எல்லாம் கழட்டணும், பேரிங்கை புல்லர் போட்டு இழுக்கணும். திரும்ப ஏத்தும்போது பேரிங்கை பிரஸ்ல வெச்சு அழுத்தணும். வீட்ல பிரஸ் ஏது? தெருமுனை லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

இப்போ நிஜக் கணக்கு

ஒவ்வொரு பில்லையும் வெச்சிருந்தேன். தொழில் புத்தி.

- சின்க்ரோ ரிங், பேரிங், ஆயில் சீல், கிளட்ச் செட், கியர் ஆயில்: 19,400
- டார்க் ரெஞ்ச், லாக் பிளையர், பேரிங் புல்லர், சாக்கெட் செட், ரெண்டு ஜாக் ஸ்டாண்ட்: 9,800
- லேத் பட்டறையில பேரிங் பிரஸ் பண்ணது: 900
- தப்பான அளவுல வாங்கின பேரிங், கடையில திருப்பி எடுக்கல: 1,450
- ரெண்டாவது தடவை பிரிச்சதுக்கு புது சீல், பேஸ்ட், ஆயில்: 2,150
- கார் இல்லாத நாட்கள்ல கேப்: 7,600
- டாக்டர், தையல், டிடி ஊசி: 1,300
- உதவிக்குக் கூப்பிட்ட மெக்கானிக் அண்ணனுக்கு: 4,000

மொத்தம் 46,600.

கராஜ் கேட்டது 41,500. அதாவது 22,500 மிச்சம் பண்ணப் போய் 5,100 அதிகமா செலவு பண்ணியிருக்கேன். கராஜ்ல விட்டிருந்தாலும் நாலு நாள் கேப்லதான் போயிருப்பேன். அதைக் கழிச்ச பிறகு வர்றதுதான் இந்த 7,600.

"சார், டூல்ஸ் உங்க கிட்டயே இருக்கே, அது அசெட் ஆச்சே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. டூல்ஸ் 9,800-ஐ முழுசாவே கழிச்சிடுவோம். செலவு 36,800. மிச்சம் 4,700. ஏழு வாரத்துக்கு, கிட்டத்தட்ட 60 மணி நேர வேலைக்கு, 4,700. அதுவும் அந்த பேரிங் புல்லரை நான் இன்னொரு தடவை தொடுவேன்னு வெச்சுக்கிட்டா. இன்னிக்கு வரைக்கும் தொடல.

"உங்க மணி நேரத்துக்கு என்ன விலை?" இந்த வாதமும் தப்பு

பர்சனல் ஃபைனான்ஸ் பேசுற பல பேர் இந்த இடத்துல ஒரு கணக்கு சொல்வாங்க. சம்பளம் மாசம் 60,000. 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம், மொத்தம் 176 மணி நேரம். மணிக்கு 341 ரூபாய். 60 மணி நேரம் உழைச்சா 20,460 ரூபாய் நஷ்டம். அதனால எல்லாத்துக்கும் ஆள் வைங்கன்னு முடிப்பாங்க.

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. சி.ஏ. படிக்கும்போது காஸ்டிங்ல மேக் ஆர் பைன்னு ஒரு கணக்கு வரும். ஒரு பாகத்தை நாமே செய்யறதா, வெளியில வாங்குறதா? அதுல முதல் பாடமே, முடிவால மாறுற செலவை மட்டும்தான் பார்க்கணும். சனிக்கிழமை நீங்க காருக்கு அடியில படுத்தாலும் சரி, கட்டில்ல படுத்தாலும் சரி, ஒண்ணாம் தேதி வர்ற சம்பளம் அதேதான். அந்த மணிக்கு 341 ரூபாயை யாரும் உங்களுக்குக் கொடுக்கப் போறதில்ல. அப்போ அது செலவு இல்ல.

எப்போ அது செலவாகும்? அந்த நேரத்துக்கு நிஜமாவே வேற உபயோகம் இருந்தா. நீங்க ஃப்ரீலான்ஸ் பண்றவரா இருக்கலாம், வேலை மாறப் படிச்சிட்டிருக்கலாம், பரீட்சை எழுதப் போறவரா இருக்கலாம். என் விஷயத்துல அது நிஜமாவே செலவு. அந்த செப்டம்பர்ல ரெண்டு ஆடிட் வேலையை "நேரம் இல்ல"ன்னு திருப்பி அனுப்பினேன். அந்த ஃபீஸை மேலே இருக்கிற பட்டியல்ல நான் சேர்க்கவே இல்ல. சேர்த்தா வீட்ல சாப்பாடு கிடைக்காது.

ஆக, சம்பளக்காரங்களுக்கு நேரம் பெரிய பிரச்னை இல்ல. பிரச்னை வேற மூணு. கார் நிக்கிற நாட்கள், ஒரே தடவைக்காக வாங்குற டூல்ஸ், தப்பு பண்ணா திரும்பப் பண்ற செலவு. முதல் எக்செல்ல இந்த மூணுக்கும் வரியே இருக்காது. என்கிட்டயும் இல்ல.

கார் நிக்கிறதுன்னா வெறும் கேப் பில் மட்டும் இல்ல. அம்மாவுக்கு முழங்கால் பிசியோதெரபி வாரத்துக்கு ரெண்டு நாள். கேப்ல ஏறி இறங்க அவங்களுக்குக் கஷ்டம். ஒரு நாள் மழையில 25 நிமிஷம் கேப்புக்காக நின்னுட்டு, வீட்டுக்கு வந்து சொன்னாங்க: "காரை சரி பண்றேன்னு சொல்லி, இருந்த காரையும் இல்லாம பண்ணிட்டியேடா." இதை எந்த வரியில எழுதறது?

நாலு தையல்

இதை எழுத யோசிச்சேன். ஆனா எழுதலைன்னா இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்ல.

கியர்பாக்ஸை இறக்கும்போது கடைசி போல்ட் கழண்டதும் அது நேரா கீழ வராது. சாஞ்சு, ஒரு பக்கம் தொங்கி, அப்புறம்தான் வரும். அப்பா ஒரு பக்கம் பிடிச்சிருந்தார். அவருக்கு 66 வயசு. "கொஞ்சம் இருப்பா, கைய எடு"ன்னு அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது சரிஞ்சது. என் வலது கை மோதிர விரல் நடுவுல மாட்டிக்கிச்சு. நாலு தையல். எலும்புக்கு ஒண்ணும் ஆகல. சரிஞ்சது என் பக்கம். அப்பா பக்கம் சரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் சில ராத்திரி தோணும். 15,300 ரூபாய் கூலியை மிச்சம் பண்ண 66 வயசு மனுஷனை காருக்குப் பக்கத்துல உட்கார வெச்சிருக்கேன்.

நாம எல்லாரும் கீபோர்டுல சம்பாதிக்கிறவங்க. விரல்தான் முதலீடு. கராஜ்ல லிஃப்ட் இருக்கு, கியர்பாக்ஸ் தாங்குற ஜாக் இருக்கு, நூறு தடவை இறக்கின கை இருக்கு. நாம கொடுக்கிற கூலியில அதுவும் சேர்ந்திருக்கு. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில போகாதீங்க. ஆயில் மாத்தறதுக்குக்கூட ஸ்டாண்ட் வெச்சுட்டுத்தான் போகணும். நான் ஸ்டாண்ட் வெச்சிருந்தேன், அதனால கார் எங்க மேல விழல. ஆனா கியர்பாக்ஸுக்கு அடியில எதுவும் வெக்கல.

மெக்கானிக் அண்ணன் பார்த்த ரெண்டு நிமிஷம்

எல்லாத்தையும் மாட்டி முடிச்சு, காரை ஸ்டார்ட் பண்ணி தெருவை ஒரு சுத்து வந்தேன். 3-வது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. 4-வது உட்காரவே இல்ல. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா தானா நியூட்ரலுக்கு வந்துடுது. திரும்ப இறக்கணும். அப்போ நான் போர்டிகோ படியில உட்கார்ந்த உட்காரலை அப்பா போட்டோ எடுத்து வெச்சிருக்கார்.

அதே தெருவுல ஷெட் வெச்சிருந்து, இப்போ வயசாகி மூடிட்ட ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். அவரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவர் சொல்லச் சொல்ல, கியர்பாக்ஸுக்கு அடியில சரியா ஜாக் கொடுத்து இறக்கினோம். பிரிச்சு ரெண்டு நிமிஷம் பார்த்தார். "சார், 3-4 ஸ்லீவைத் திருப்பிப் போட்டிருக்கீங்க." அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்க ஓரம் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். பிரிக்கும்போது நான் போட்டோ எடுத்திருந்தேன், ஆனா அந்தப் பக்கத்தை எடுக்கல.

மறுநாள் வந்து பக்கத்துல உட்கார்ந்து மொத்தமும் மாட்ட வெச்சார். 4,000 கொடுத்தேன். என் பட்டியல்லயே சரியான செலவு அதுதான். "எவ்வளவுண்ணே ஆகும், முதல்லயே உங்களைக் கூப்பிட்டிருந்தா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "முதல்ல கூப்பிட்டிருந்தா நீங்க எங்க சார் கத்துக்கப் போறீங்க?"

நிஜமான சேமிப்பு: அந்த 10 நிமிஷம்

இப்போ முக்கியமான இடத்துக்கு வரோம். கியர்பாக்ஸைப் பிரிக்கக் கத்துக்க வேண்டாம். என்ன வியாதின்னு பார்க்கக் கத்துக்கோங்க. இதுக்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.

1. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. ஆஃப்ல சுலபமா விழுது, ஆன் பண்ணா எல்லா கியரும் இறுக்கமா இருக்குன்னா, பெரும்பாலும் கிளட்ச் முழுசா விடல. கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டா இருக்கலாம், கிளட்ச் ஃப்ளூயிடா இருக்கலாம், கிளட்ச் செட்டா இருக்கலாம். கியர்பாக்ஸைப் பிரிக்கிற வேலையே இல்ல.

2. ஒரே ஒரு கியர்ல மட்டும் கரகரன்னா, அந்த கியரோட சின்க்ரோ மேல சந்தேகப்படலாம். ரிவர்ஸ்ல மட்டும் சத்தம் வந்தா பயப்படாதீங்க. பல கார்ல ரிவர்ஸுக்கு சின்க்ரோவே கிடையாது. காரை முழுசா நிறுத்தி, கிளட்சை மிதிச்சு ரெண்டு விநாடி கழிச்சுப் போடுங்க.

3. நியூட்ரல்ல இன்ஜின் ஓடும்போது ஒரு முனகல் சத்தம், கிளட்சை மிதிச்சா நின்னுடுதுன்னா, கியர்பாக்ஸ் உள்ள இன்புட் ஷாஃப்ட் பேரிங்கா இருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தா கிளட்ச் ரிலீஸ் பேரிங். ரெண்டுக்கும் செலவுல நிறைய வித்தியாசம்.

4. லீவர் குழம்புல விட்ட கரண்டி மாதிரி லொடலொடன்னு ஆடுதுன்னா, முதல்ல லிங்கேஜ் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்க. சில நூறு ரூபாய்ல முடிய வாய்ப்பிருக்கு.

5. கியர் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க? உங்க கார் மேனுவல்ல எந்த கிரேடு போட்டிருக்கோ அதுதான் ஊத்தணும். பல கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-4னு இருக்கும். எண் பெருசா இருக்கேன்னு ஜிஎல்-5 ஊத்திடாதீங்க. அதுல இருக்கிற சில ரசாயனங்கள் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்க வாய்ப்பிருக்கு. ஆயிலை இறக்கும்போது டிரெயின் பிளக் காந்தத்தைப் பாருங்க. மை மாதிரி மெல்லிசா ஒட்டியிருந்தா சாதாரணம். துண்டு துண்டா இரும்பு இருந்தா உள்ள ஏதோ உடைஞ்சிருக்கு.

இந்த அஞ்சும் தெரிஞ்சவருக்கும் "கியர் சரியில்ல, பாருங்க"ன்னு சாவியைக் கொடுக்கிறவருக்கும் கிடைக்கிற எஸ்டிமேட் ஒரே மாதிரி இருக்காது. மெக்கானிக் ஏமாத்துவார்னு சொல்லல. தெளிவா சொல்ற நோயாளிக்கு டாக்டர் எழுதற டெஸ்ட் குறையுது இல்லையா, அது மாதிரி.

வியாதி தெரிஞ்ச பிறகு வேலையை வெளியில கொடுங்க. ஆனா நாலு விஷயம் கேளுங்க. கூலி தனியா, பாகம் தனியா எழுதின எஸ்டிமேட். கழட்டின பழைய பாகங்களைத் திருப்பித் தரணும். ஜிஎஸ்டி பில். செஞ்ச வேலைக்கு எத்தனை மாசம் பொறுப்புன்னு எழுத்துல. கியர்பாக்ஸ் எப்படியும் இறங்குதுன்னா, கிளட்ச் தேய்ஞ்சிருக்கான்னு அப்பவே பார்த்து மாத்திடுங்க. ஆறு மாசம் கழிச்சு கிளட்சுக்காகத் திரும்ப இறக்கினா அதே கூலியை இன்னொரு தடவை கொடுப்பீங்க.

ஜிஎஸ்டி பத்தி ஒரு வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து வாகன பாகங்களுக்கு 18 சதவீதம். நீங்களே கடையில வாங்கினாலும் அந்த வரி உண்டு. சம்பளக்காரங்களுக்கு அதுல இன்புட் கிரெடிட் கிடையாது. நாமே வேலை பார்த்தா மிச்சமாகிறது கூலியும் கூலி மேல வர்ற வரியும்தான்.

இன்சூரன்ஸும் பத்தி நிறைய பேர் கேட்டீங்க. சாதாரண மோட்டார் பாலிசியில தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் சேராது. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் தேய்ஞ்ச சின்க்ரோ ரிங்குக்கு கிளெய்ம் கிடைக்காது. கம்பெனி வாரன்டி இன்னும் ஓடிட்டிருக்கிற கார்னா, கியர்பாக்ஸ்ல கையே வெக்காதீங்க. நீங்க பிரிச்சது தெரிஞ்சா அந்த வாரன்டியை மறுக்க அவங்களுக்கு ஒரு காரணம் கிடைச்சிடும்.

"பேசாம புது கார் எடுத்துடு"

இது ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் சொல்றது. "கார் வித்தா ஒன்றரை லட்சம்தான் வரும். அதுக்கு 41,500 செலவு பண்றியா?" கேட்கச் சரியாத்தான் இருக்கும். ஆனா ஒப்பிடற பொருளே தப்பு. ரிப்பேர் செலவை காரோட மதிப்போட ஒப்பிடக் கூடாது. ரிப்பேர் பண்ணலைன்னா என்ன செய்யப் போறீங்களோ, அதோட செலவுகூடத்தான் ஒப்பிடணும்.

7 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 7 வருஷம்னு வெச்சுக்கோங்க. இஎம்ஐ சுமார் 11,260. மொத்தம் கட்டுறது சுமார் 9,46,000. வட்டி மட்டும் 2,46,000. டவுன் பேமென்ட்டும் புது கார் இன்சூரன்ஸும் தனி. 41,500ங்கிறது அந்த இஎம்ஐல நாலு மாசம்கூட இல்ல. ரிப்பேருக்கு அப்புறம் பழைய கார் இன்னும் ஒரு வருஷம் தொல்லையில்லாம ஓடினாலே போதும், நீங்க ஜெயிச்ச மாதிரிதான்.

எல்லா காருக்கும் இது பொருந்தாது. அடிப்பக்கம் துரு பிடிச்சிருக்கு, இன்ஜின் ஆயில் குடிக்குது, மாசா மாசம் ஏதாவது ஒரு பில் வருதுன்னா விக்கிறதுதான் புத்திசாலித்தனம். ஆனா ஒரு கியர்ல சத்தம் வருதுங்கிறதுக்காக 84 மாசக் கடன்ல போய் விழாதீங்க.

நான் இப்போ என்ன பண்றேன்

ஒரு ஆர்.டி. மாதிரி, மாசம் 2,000 தனி அக்கவுன்ட்டுக்குப் போகுது. பேரு "கார்". டயர், பேட்டரி, சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அதுல இருந்துதான். இதை மூணு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா அந்த எஸ்டிமேட்டைப் பார்த்து எனக்கு வயித்தைக் கலக்கியிருக்காது. அவ்வளவு பெரிய பில்லுக்கு 21 மாசம் போதும். என் விரல்ல தழும்பும் இருந்திருக்காது. யோசிச்சுப் பார்த்தா, நான் கியர்பாக்ஸைப் பிரிச்சது ஆர்வத்துல இல்ல, காசு இல்லாத பயத்துல. பயத்துல எடுக்கிற முடிவை எக்செல்ல போட்டா அது நியாயமாத் தெரியும், அவ்வளவுதான்.

ஓட்டுறதுலயும் ரெண்டு பழக்கத்தை மாத்திட்டேன். ஓட்டும்போது கையை லீவர் மேலயே வெச்சுட்டு இருக்கிறதில்ல. அந்த அழுத்தம் உள்ள இருக்கிற ஃபோர்க்கை ஸ்லீவ் மேல உரச வெக்கும். கிளட்சை முழுசா மிதிக்காம கியரைத் தள்றதில்ல. ரெண்டுக்கும் செலவு பூஜ்யம்.

இதையெல்லாம் படிச்ச பிறகும் பிரிச்சே பார்க்கணும்னு ஆசையா இருக்கா? தாராளமா பண்ணுங்க. வீட்ல வேற வண்டி இருக்கணும். ஷெட்ல கிடைக்கிற ஒரு கண்டம் பண்ண கியர்பாக்ஸை புதுப்பேட்டையில எடை போட்டு வாங்கி, அதைப் பிரிச்சு மாட்டிப் பழகுங்க. ஒரு அனுபவசாலி பக்கத்துல இருக்கட்டும். பழைய ஆயிலை சாக்கடையில ஊத்தாம மெக்கானிக் ஷெட்ல கொடுங்க. செலவை ட்ரெக்கிங், கேமரா மாதிரி ஹாபி பட்ஜெட்ல எழுதுங்க. எனக்கும் அந்த ஏழு வாரத்துல சந்தோஷமான நேரம் இருந்தது. தேய்ஞ்ச ரிங்கையும் புது ரிங்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அப்பாவும் நானும் டார்ச் அடிச்சுப் பார்த்த அந்த சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன். அதுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனா அது சேமிப்பு இல்ல.

கார் இப்போ நல்லா ஓடுது. அம்மாவை பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன். போன வாரம் சிக்னல்ல கிளம்பி 3-வது கியர் போட்டேன், ஒரு சத்தமும் இல்ல. "பாத்தியாம்மா"ன்னேன். "ரோட்டைப் பாத்து ஓட்டு"ன்னாங்க.

உங்க கார்ல கடைசியா வந்த பெரிய ரிப்பேர் பில் எவ்வளவு, அதுக்கு பணம் எங்கேருந்து எடுத்தீங்க? சேமிப்பா, கிரெடிட் கார்டா, நண்பர்கிட்ட கடனா? கமெண்ட்ல எழுதுங்க. பழைய காருக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கணும்னு கிலோமீட்டர் வாரியா ஒரு வீடியோ பண்ணலாம்னு இருக்கேன், உங்க எண்கள் அதுக்கு உதவும்.